விமான நிலையத்துக்கு சோலாரும் பேட்டரியும்: எங்கே தொடங்கி எப்படிப் போடுவது

விமான நிலையத்தில் சோலார் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கொச்சியைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 2015 ஆகஸ்ட் 18 அன்று, சரக்கு வளாகத்துக்குப் பக்கத்தில் 45 ஏக்கரில் 46,150 பேனல்களோடு 12 மெகாவாட் நிலையம் ஓடத் தொடங்கியது. உலகிலேயே முழுக்க சூரிய மின்சாரத்தில் இயங்கும் முதல் விமான நிலையம் என்று பெயர் வாங்கியது, 2018-ல் ஐ.நா.வின் சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த் விருதும் வந்தது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, அதே மாதிரி நாமும் போட்டுவிட்டால் ஊரில் கரண்ட் போனாலும் நமக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொச்சியில் நடந்தது என்ன? பகலில் மிஞ்சும் மின்சாரத்தை கேரள மின்வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. வருடக் கணக்கில் கொடுத்ததும் வாங்கியதும் சரியாகிவிடும். அருமையான ஏற்பாடு, பில் சுருங்கிவிடும். ஆனால் அங்கே சேமித்து வைக்கும் வேலையை மின்வாரியம்தான் பார்க்கிறது. மின்வாரிய லைன் செத்துப்போனால், உச்சி வெயிலில்கூட சாதாரண சோலார் இன்வெர்ட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும். அப்படித்தான் நிறுத்தவும் வேண்டும், இல்லாவிட்டால் லைனில் வேலை செய்கிறவர் உயிர் போய்விடும். அதனால் கொச்சியிலும் மற்ற இடங்களைப் போலத்தான், லைன் போனால் கை கொடுப்பது ஜெனரேட்டரும் யூபிஎஸ்ஸும்.

ஆகவே கொட்டேஷன் வாங்கும் முன்னால் ஒரு கேள்வியை மேசையில் வையுங்கள். உங்களுக்குக் குறைய வேண்டியது பில்லா, மின்தடை பயமா? பில்லுக்கு பேனல் போதும். மின்தடைக்கு பேட்டரி வேண்டும், அதோடு தனியே நின்று இயங்கத் தெரிந்த இன்வெர்ட்டரும், லைனிலிருந்து விமான நிலையத்தைப் பிரித்து விடுகிற பிரேக்கரும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஒரே கணக்கில் இரண்டையும் அடக்கிக் காட்டுகிற விற்பனையாளரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் லோடு

பன்னிரண்டு மாத மின் கட்டண பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது மட்டும் போதாது. மீட்டரில் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பதிவாகிற லோடு விவரத்தை மின்வாரியத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். எந்த மணியில் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாமல் பேட்டரி அளவைப் பற்றிப் பேசவே முடியாது. அலுவலகக் கட்டடம் மாதிரி இரவில் லோடு படுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். வளைகுடா விமானங்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வந்துபோகிற நம் பக்கத்து நிலையங்களில், இரவு இரண்டு மணிக்கு டெர்மினல் ஏசி முழு வீச்சில் ஓடும்.

லோடு விவரம் கையில் வந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். ஒரு நொடிகூட நிற்கக் கூடாதவை ஒன்று: கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ரேடியோ, ரேடார், விமானத்தைத் தரையிறங்க வழிநடத்தும் ஐஎல்எஸ் போன்றவை. இவை பெரும்பாலும் ஏற்கெனவே யூபிஎஸ்ஸில்தான் இருக்கும். அடுத்தது பத்துப் பதினைந்து நொடி பொறுக்கக் கூடியவை: தீயணைப்பு நிலையம், தீயணைப்பு பம்ப், பாதுகாப்புச் சோதனை எக்ஸ்ரே, லக்கேஜ் பெல்ட், டெர்மினல் விளக்கில் ஒரு பகுதி. மிச்சமெல்லாம் காத்திருக்கலாம். கடைகள், விளம்பரப் பலகை, எஸ்கலேட்டர், ஏசியின் பெரும்பகுதி எல்லாம் இந்த மூன்றாவது கூட்டம். மொத்த பில்லில் பெரிய துண்டை விழுங்குவதும் இந்த மூன்றாவது கூட்டம்தான், அதிலும் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரமும் அதன் பம்புகளும்.

ஓடுபாதை விளக்குகளை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-ஆம் இணைப்பில் இதற்கென்று ஓர் அட்டவணையே இருக்கிறது. கேட்டகரி ஒன்று, அதாவது ஓரளவு பார்வைத்திறன் இருந்தால்தான் இறங்க அனுமதிக்கும் ஓடுபாதை என்றால், மெயின் போனதிலிருந்து 15 நொடிக்குள் மாற்று மின்சாரம் வந்துவிட வேண்டும், அதனால் இரண்டாம் கூட்டம். கேட்டகரி இரண்டு, மூன்று, அதாவது டெல்லிப் பனிக்காலம் மாதிரிப் பார்வைத்திறன் சுருங்கிய நேரத்திலும் இறங்க அனுமதிக்கும் ஓடுபாதை என்றால், நடுக்கோட்டு விளக்கு, தரைதொடும் பகுதி விளக்கு, தொடக்க விளக்கு போன்றவற்றுக்கு ஒரே ஒரு நொடிதான், அவை முதல் கூட்டம். டீசல் ஜெனரேட்டர் ஒரு நொடியில் கிளம்பாது, அதற்கு எட்டுப் பத்து நொடியாவது வேண்டும். அதனால் பல நிலையங்களில் பனி இறங்கியதும் ஜெனரேட்டரை முன்கூட்டியே ஓடவிட்டு, விளக்குகளை அதில் மாட்டி, மின்வாரிய லைனை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்வார்கள். ஜெனரேட்டர் போனால் லைனுக்கு ஒரு நொடிக்குள் தாவிவிடலாம் என்பது கணக்கு. சரியான தந்திரம்தான், ஆனால் பனி விலகும் வரை மணிக்கணக்கில் டீசல் எரியும். பேட்டரி தன் செலவுக்கு நியாயம் சொல்லக்கூடிய முதல் இடம் இதுதான்.

இன்னொரு நுணுக்கம். ஓடுபாதை விளக்குகள் வீட்டு விளக்கு மாதிரி 230 வோல்ட்டில் பக்கவாட்டில் இணைந்தவை அல்ல. ஒரே கேபிள் சுற்றில் வரிசையாகக் கோக்கப்பட்டு, 6.6 ஆம்பியர் வரை ஒரே சீரான கரண்ட் ஓடும். விளக்குக்கு ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், ஒரு விளக்கு ஃபியூஸ் போனாலும் மற்றவை எரியும். அந்தக் கரண்டை நிலையாகப் பிடித்து வைக்கிற ரெகுலேட்டர் பழைய தைரிஸ்டர் வகையாக இருந்தால், வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது பவர் ஃபேக்டர் மோசமாகிவிடும், அதாவது அதே வேலைக்குக் கூடுதல் கரண்ட் இழுக்கும், மின்னலையைச் சிதைக்கும் ஹார்மோனிக்ஸும் கிளம்பும். பேட்டரி இன்வெர்ட்டரை கிலோவாட்டை மட்டும் பார்த்து வாங்கினால், ரெகுலேட்டரை இரண்டாம் வெளிச்சப் படியில் வைத்ததும் அது டிரிப் ஆகி நிற்கும். கேவிஏ (வோல்ட் பெருக்கல் ஆம்பியர், ஆயிரத்தில்) கணக்கையும் ஹார்மோனிக்ஸ் அளவையும் சேர்த்து அளந்து எழுதிக் கொடுங்கள். பழைய ஹாலஜன் விளக்கு இன்னும் இருந்தால், பேட்டரி வாங்கும் முன் எல்ஈடிக்கு மாற்றுங்கள். லோடு சில மடங்கு இறங்கும், அந்த அளவுக்கு பேட்டரியும் சிறிதாகும்.

வரப்போகும் லோடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரோபிரிட்ஜில் நிற்கும் விமானம் தன் வால் பகுதியில் இருக்கும் சிறு எஞ்சினை அணைத்துவிட்டு நம் கேபிளில் மாட்டினால், 400 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஒரு நிறுத்துமிடத்துக்கு 90 கேவிஏ அளவில் கருவி வைக்க வேண்டியிருக்கும். பயணிகள் பஸ்ஸும் லக்கேஜ் டிராக்டரும் மின்சாரத்துக்கு மாறினால் சார்ஜரும் சேரும். இன்றைய பில்லுக்குப் போட்ட திட்டம் நான்கு வருடத்தில் கையைக் கடிக்கும்.

பேனலை எங்கே வைப்பது

கொச்சிக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்கள் படிப்படியாகப் போன விதம். 2013-ல் வருகை முனையத்தின் கூரையில் 100 கிலோவாட் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் விமானப் பராமரிப்புக் கொட்டகையின் கூரையிலும் தரையிலுமாக ஒரு மெகாவாட். அதை ஓட்டிப் பார்த்த பிறகுதான் 12 மெகாவாட். பிறகு கார் நிறுத்துமிடத்துக்கு மேல், கோல்ஃப் மைதானக் குளத்தில் மிதக்கும் பேனல், 2022-ல் தொலைவில் பையனூரில் தனியாக 12 மெகாவாட் என்று வளர்ந்து மொத்தம் 50 மெகாவாட்டைத் தொட்டார்கள். நடுவே 2021-ல் கோழிக்கோடு மாவட்டம் அரிப்பாறையில் 4.5 மெகாவாட் நீர்மின் நிலையமும் ஒன்று. மழைக்காலத்தில் பேனல் சோம்பும்போது ஆறு பெருகி ஓடும், அதனால் கேரளாவுக்கு இந்தச் சேர்க்கை பொருத்தமானது.

கூரை, கார் நிறுத்துமிடம், டெர்மினலுக்கு வெளியே சாலைப் பக்கத்து நிலம், கடைசியாக ஓடுபாதைப் பக்கத்து நிலம். இதுதான் நான் சொல்லும் வரிசை. கார் நிறுத்துமிடத்துக்கு இரும்புச் செலவு கூடும், ஆனால் நிழல் கிடைக்கும், வெயில் ஊரில் பயணிகள் அதற்காகவே வாழ்த்துவார்கள். ஓடுபாதைப் பக்கம் காலி நிலம் ஏக்கர் ஏக்கராகக் கிடப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது சும்மா கிடக்கும் நிலம் இல்லை. பெரிய, கருவி வழிகாட்டலோடு இறங்கும் ஓடுபாதையில் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர் வரை, விமானம் மோதினால் உடைந்து விழக்கூடிய விளக்குக் கம்பம் மாதிரி அவசியமானவை தவிர எதுவும் நிற்கக் கூடாது. அந்த எல்லையைத் தாண்டியதும் ஏழு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம் என்ற சரிவில் கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று எழும்பும், எதுவும் அதைத் துளைக்கக் கூடாது. உங்கள் பேனலின் மேல் விளிம்பு இரண்டரை மீட்டர் என்றால், சமதளத்தில் அந்த எல்லையிலிருந்து குறைந்தது பதினேழரை மீட்டர் தள்ளித்தான் முதல் வரிசை வரும். ஓடுபாதை முனைகளில் விதி இன்னும் கடுமை, அங்கே பேனலை யோசிக்கவே வேண்டாம்.

ஐஎல்எஸ் ஆன்டெனாவுக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்புப் பகுதியில் இரும்புச் சட்டம் எதுவும் போகக் கூடாது, சிக்னல் பட்டுத் தெறித்து விமானத்துக்குத் தப்பான வழி காட்டும். தீயணைப்பு வண்டி ஓடுபாதைக்குப் பாயும் பாதையை வேலி மறைக்கக் கூடாது. இவற்றையெல்லாம் வரைபடத்தில் வண்ணம் வண்ணமாகக் கோடு போட்ட பிறகு மிச்சம் இருக்கிற இடம்தான் உங்களுடையது. பெரும்பாலும் நீங்கள் நினைத்ததில் பாதி இருக்கும்.

கண் கூசும் பிரச்சினையைப் பலர் விமானியோடு சேர்த்துத்தான் யோசிக்கிறார்கள். பேனல் வெளிச்சத்தை விழுங்கத்தானே செய்யப்பட்டது, நேர் வெயிலில் அது திருப்பி அனுப்புவது மிகக் குறைவு. சூரியன் சாய்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும்தான் கண்ணாடி மாதிரி மின்னும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2021-ல் வெளியிட்ட கொள்கையில், விமானிக்குப் படும் கூச்சம் ஏரியிலிருந்தும் கண்ணாடிக் கட்டடத்திலிருந்தும் வருவதைப் போன்றதுதான் என்று சொல்லி, கவனத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பக்கம் திருப்பியது. கோபுரத்தில் இருப்பவர் ஒரே இடத்திலிருந்து ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர், கண்ணை மாற்றிக்கொள்ள முடியாது. நியூ ஹாம்ப்ஷயரில் மான்செஸ்டர் விமான நிலையத்தில் 2012-ல் கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல் பேனல் போட்டார்கள். காலை வெயில் பட்டுக் கோபுரத்துக்குள் அடித்தது, பேனல்களில் ஒரு பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், பிறகு திசையையே மாற்றி வைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் உருவாக்கிய கணக்கு முறை இருக்கிறது. கோபுரத்தின் உயரம், பேனலின் திசை, சாய்வு எல்லாம் கொடுத்தால் வருடத்தில் எந்த நாள் எந்த நிமிடம் கூசும் என்று சொல்லிவிடும். அந்த அறிக்கை இல்லாமல் ஒரு போல்ட்கூட முடுக்காதீர்கள்.

பறவையையும் நினைவில் வையுங்கள். பேனலுக்கு அடியில் நிழல், கூடு கட்ட வசதி. கொச்சியில் பேனல் கழுவும் தண்ணீரிலேயே அடியில் காய்கறி வளர்க்கிறார்கள், பேர்போன விஷயம். புழுதி அடங்குகிறது, களையும் இல்லை. ஆனால் நீங்கள் செய்யும்போது பழம், தானியம் போன்ற பறவை தேடி வரும் பயிரை விட்டுவிடுங்கள், பறவை மோதல் தடுப்புப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே விதை போடுங்கள்.

எவ்வளவு பேனல், எவ்வளவு பேட்டரி

ஒரு சிறு நிலையம், ஒரு நாளைக்கு 8,000 யூனிட் செலவு என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு நான்கு யூனிட் தரும். முழுசாக ஈடுகட்ட 2,000 கிலோவாட். கொச்சியில் மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. அன்றைய பேனல் ஒன்றுக்கு சுமார் 260 வாட், இன்று 550 வாட்டுக்கு மேல் தாராளமாகக் கிடைப்பதால் உங்களுக்கு நிலமும் எண்ணிக்கையும் குறையும்.

ஆனால் 2,000 கிலோவாட் போட்டால் உச்சி வெயிலில் உங்கள் லோடுக்கு மேல் ஆயிரம் கிலோவாட்டுக்கும் அதிகமாக மிஞ்சும். அதை மின்வாரியம் வாங்கிக்கொள்ளுமா, என்ன விலைக்கு? 2021-ல் மத்திய அரசு திருத்திய விதிப்படி நெட் மீட்டரிங் (கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும் பில் போடுவது) 500 கிலோவாட் வரை, அல்லது அனுமதித்த லோடு வரை, எது குறைவோ அது. அதற்கு மேல் மாநில ஆணையம் சொல்வதுதான் சட்டம். கொச்சிக்குக் கிடைத்த மாதிரி ஏற்பாடு உங்களுக்குக் கிடைக்காவிட்டால், பகல் லோடுக்கும் பேட்டரி நிரப்புவதற்கும் போதுமான அளவோடு நிறுத்துங்கள். இதை மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்காமல் பேனல் அளவை முடிவு செய்வது, ஆழம் தெரியாமல் காலை விடுகிற வேலை.

பேட்டரிக்கு இரண்டு எண்கள். எத்தனை கிலோவாட்டை ஒரே நேரத்தில் தாங்கும் என்பது ஒன்று, எத்தனை யூனிட் பிடிக்கும் என்பது மற்றொன்று. விளம்பரத்தில் ஒன்றை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள், இரண்டையும் கேளுங்கள். மேலே பிரித்த முதல் இரண்டு கூட்டமும் சேர்ந்து 150 கிலோவாட், நான்கு மணி நேரம் தாங்க வேண்டும் என்று வையுங்கள். 600 யூனிட். அப்படியே 600 வாங்கிவிடாதீர்கள். அடிமட்டம் வரை காலி செய்ய முடியாது, 90 சதவீதம்தான் எடுக்கலாம். பத்து வருடத்தில் கொள்ளளவு 80 சதவீதமாக இறங்கும், அன்றைக்கும் 600 கிடைக்க வேண்டும். இன்வெர்ட்டரில் ஒரு ஐந்து சதவீதம் போகும். 600-ஐ இவற்றால் வகுத்தால் 880 யூனிட் பக்கம் வரும். கிலோவாட் பக்கமும் 150 போதாது. பம்பும் பெல்ட்டும் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் இல்லாத மோட்டார் எத்தனை என்று எண்ணிவிட்டு 300 பக்கம் போவது நல்லது.

இப்போது அந்த விற்பனையாளர் விஷயம். 2023-ல் வந்த விதித் திருத்தப்படி, 10 கிலோவாட்டுக்கு மேல் உள்ள வணிக, தொழில் இணைப்புகளுக்குப் பகல் வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் கம்மி, உச்ச நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் கூடுதல். பகலில் நிரப்பி மாலையில் செலவழித்தால் லாபம் என்பார்கள். யூனிட் அடிப்படை விலை 7 ரூபாய் என்று வைத்து 600 யூனிட்டை ஓட்டிப் பார்ப்போம். போய் வருவதில் 13 சதவீதம் சேதாரம், அதனால் 690 யூனிட் நிரப்ப வேண்டும், 5.60 வீதம் 3,864 ரூபாய். மாலையில் மிச்சமாவது 8.40 வீதம் 5,040. நாளைக்கு 1,176, வருடத்துக்கு நான்கு லட்சத்துச் சொச்சம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் மாலை உச்ச நேரத்தில் 600 யூனிட்டையும் விற்றுத் தீர்த்துவிட்டால், இரவு பதினொரு மணிக்கு லைன் போகும்போது விளக்குக்கு எதை வைத்துக் கொடுப்பது? அந்த 600 எப்போதும் தொடாமல் இருக்க வேண்டும். புதிய 880 யூனிட் பேட்டரியில் உண்மையில் எடுக்கக் கூடியது 750 பக்கம், அதில் விளையாடக் கிடைப்பது 150. வருட லாபம் ஒரு லட்சத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான், பேட்டரிக்கு வயதாக ஆக அதுவும் கரையும். ஒரே யூனிட்டை இரண்டு தடவை எண்ணிக் காட்டுகிற கொட்டேஷன்தான் சந்தையில் அதிகம். கையிருப்பு எத்தனை சதவீதம், அதை யார் எந்தக் கடவுச்சொல்லோடு மாற்ற முடியும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பில்லைக் குறைப்பதுதான் பெரிய நோக்கம் என்றால், பேட்டரிக்கு முன்னால் குளிர்நீர்த் தொட்டியைப் பாருங்கள். வெயில் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் சில்லரை ஓட்டித் தண்ணீரைக் குளிர்வித்து வைத்துக்கொண்டு, மாலையில் சில்லரை அணைத்துவிட்டு அந்தத் தண்ணீரைச் சுற்றவிடுவது. டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் 60 லட்சம் கேலன் தொட்டி இந்த வேலையைச் செய்கிறது. தொட்டிக்குத் தீ பயம் இல்லை, பத்து வருடத்தில் கொள்ளளவும் சுருங்காது. ஏசிதான் உங்கள் பெரிய லோடு என்றால் ஏசிக்குத் தேவையானதைக் குளிராகவே சேமிப்பது புத்திசாலித்தனம். ஆச்சரியம் என்னவென்றால் கருத்தரங்குகளில் இதை யாரும் பேசுவதில்லை, பேட்டரி கண்டெய்னர்தான் போட்டோவுக்கு எடுப்பாக இருக்கிறது போல.

பேட்டரியோடு தனித்து நின்று இயங்குவதற்கு நான் பார்க்கச் சொல்லும் இடம் கலிஃபோர்னியாவின் வடக்கில், ஹம்போல்ட் கவுண்டியில் இருக்கும் சிறிய விமான நிலையம். பனிமூட்டத்துக்குப் பேர்போன ஊர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பனியைக் கலைக்கும் சோதனைகளைக் கடற்படை அங்கேதான் செய்தது. அந்த இடத்தில் 2022-ல் 2.2 மெகாவாட் பேனலும் 8,900 யூனிட் பேட்டரியும் ஓடத் தொடங்கின. பேட்டரியின் வேகம் 2 மெகாவாட், அதாவது முழு வேகத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல். விமான நிலையத்தோடு கடலோரக் காவல்படைத் தளமும் அக்கம்பக்கத்து இணைப்புகளும் சேர்ந்து கிட்டத்தட்ட இருபது. சாதாரண நாளில் பேட்டரி மொத்த விற்பனைச் சந்தையில் மின்சாரம் வாங்கி விற்கிறது, லைன் போனால் அந்தச் சின்ன வட்டாரம் முழுவதும் தனியாகப் பிரிந்து ஓடுகிறது. அதே வருடம் டிசம்பர் 20 அன்று 6.4 அளவு நிலநடுக்கம் வந்து மாவட்டத்தில் மின்சாரம் அடங்கியபோது இது பிரிந்து நின்று ஓடியது. மின்வாரியக் கம்பியையே பயன்படுத்திப் பல இணைப்புகளை ஒன்றாகத் தாங்குவதற்கான விதிகளை எழுதவே அவர்களுக்கு வருடங்கள் பிடித்தன, கருவி மாட்டியது அதைவிடச் சுலபம்.

கண்டெய்னரை எங்கே இறக்குவது

முதலில் வெள்ளம். 2018 ஆகஸ்ட் 15 முதல் 29 வரை கொச்சி விமான நிலையம் மூடிக் கிடந்தது. பெரியாறு பொங்கி ஓடுபாதை மூழ்கியது, கிலோமீட்டர் கணக்கில் சுற்றுச்சுவர் சரிந்தது, விளக்குகளோடு சோலார் அமைப்பும் அடி வாங்கியது. பேனல் நனைந்தால் பரவாயில்லை, இன்வெர்ட்டருக்குள் சேற்றுத் தண்ணீர் போனால் கதை முடிந்தது. அந்த இடத்தில் இதுவரை வந்த மிக மோசமான வெள்ளத்தின் அளவைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் மேடை கட்டி வையுங்கள்.

அடுத்தது தீ. எல்எஃப்பி என்று சொல்லும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை வாங்குங்கள், நிக்கல் வகையைவிடச் சூடு தாங்கும். தாங்கும் என்றேன், எரியவே எரியாது என்று சொல்லவில்லை. செல் சூடேறிப் பொங்கினால் எரியக்கூடிய வாயு கண்டெய்னருக்குள் சேரும். 2019 ஏப்ரலில் அரிசோனாவில் ஒரு பேட்டரி நிலையத்தில் புகை வந்து, கதவைத் திறந்த பிறகு வெடித்ததில் தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். உங்கள் தீயணைப்புப் படை எரிபொருள் தீயை நுரையால் அடக்கப் பழகியது. பேட்டரிக்கு நுரை உதவாது, தண்ணீரை ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே தள்ளி நிற்க வேண்டும். அதனால் பேட்டரித் தீ எப்படிப் பரவும் என்று பார்க்கும் யூஎல் 9540ஏ சோதனை அறிக்கையை டெண்டரிலேயே கேளுங்கள், கண்டெய்னருக்குள் என்ன வாயு இருக்கிறது என்று வெளியிலிருந்தே காட்டும் கருவியும் வெடிப்பு அழுத்தத்தை மேல்பக்கம் விடும் பலகையும் இருக்க வேண்டும். காற்று வழக்கமாக வீசும் திசையைப் பார்த்து, புகை ஓடுபாதையின் குறுக்கேயோ டெர்மினல் ஏசியின் காற்று உறிஞ்சும் வாயிலோ போகாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். காற்று எப்படி வீசுகிறது என்ற பல வருடப் பதிவு விமான நிலையத்திடம் இல்லாமலா இருக்கும், வானிலைப் பிரிவில் கேட்டால் கொடுப்பார்கள்.

கேபிள் போகும் வழி இதைவிட முக்கியம். 2017 டிசம்பர் 17 அன்று அட்லாண்டாவில், உலகின் மிக நெரிசலான விமான நிலையம், சுமார் 11 மணி நேரம் இருட்டில் கிடந்தது, ஆயிரம் விமானங்களுக்கு மேல் ரத்து. நிலத்தடி அறையில் பிடித்த தீ மெயின் கேபிளையும், பக்கத்திலேயே போன மாற்று கேபிளையும் சேர்த்தே எரித்துவிட்டது. உங்கள் பேட்டரி கேபிளும் மெயின் கேபிளும் ஒரே பள்ளத்தில் போனால், பேட்டரி வாங்கிய காசு தண்டம். 2025 மார்ச் 21 அன்று ஹீத்ரோவில் நடந்தது வேறு மாதிரி. முந்தைய இரவு பக்கத்துத் துணைமின்நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்தது. வேறு துணைமின்நிலையங்களிலிருந்து மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் உள்ளே இணைப்புகளை மாற்றிப் போட்டு எல்லாவற்றையும் திரும்பக் கிளப்ப மணிக்கணக்கில் ஆனதால் நாளின் பெரும்பகுதி நிலையம் மூடியே இருந்தது. எந்த பிரேக்கரை யார் எந்த வரிசையில் போட வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதி சுவிட்ச் அறையில் மாட்டுங்கள்.

அனுமதி, டெண்டர்

உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று, உரிமம் பெற்ற நிலையத்துக்குள் மாற்றம் என்பதால் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏ, மின் ஆய்வாளர், மின்வாரியம், உள்ளே வேலை செய்கிற ஆட்களுக்கு பாதுகாப்பு நுழைவுச் சீட்டு. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் ஒவ்வொரு வெல்டருக்கும் பின்னணிச் சோதனை முடிய நாளாகும், ஓடுபாதைப் பக்கத்து வேலை விமானம் இல்லாத சில மணி நேரத்தில்தான் நடக்கும். அதை முன்கூட்டியே சொல்லாத டெண்டருக்கு வரும் விலையும் பொய், காலக்கெடுவும் பொய்.

டெண்டரில் கட்டாயம் இருக்க வேண்டியது: லைன் இல்லாமலே தானாகக் கிளம்பி மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் பிடித்து வைக்கும் இன்வெர்ட்டர், பத்தாம் வருடக் கொள்ளளவுக்கு எழுத்தில் உத்தரவாதம், 45 டிகிரி வெயிலில் எவ்வளவு தரும் என்ற எண், ஏற்கெனவே இருக்கும் ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓடும் வசதி. டீசலைத் தூக்கி எறியச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். மூன்று நாள் அடைமழையில் பேனல் தருவது சொற்பம், நான்கு மணி நேர பேட்டரி மூன்று நாள் தாங்காது. பேட்டரி வந்ததும் ஜெனரேட்டர் முதலில் ஓடுகிற வேலையிலிருந்து கடைசியில் ஓடுகிற வேலைக்குப் போகும், டீசல் செலவு அதில்தான் இறங்கும்.

ஒப்படைக்கும் முன் நிஜமாகவே அணைத்துப் பாருங்கள்

கணினித் திரையில் காட்டும் சோதனையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கோபுரத்தின் சம்மதத்தோடு, விமானிகளுக்கு முன்னறிவிப்பு கொடுத்து, விமானம் இல்லாத இடைவெளியில், ஜெனரேட்டரைச் சூடாக ஓடவிட்டு வைத்துக்கொண்டு, மெயின் பிரேக்கரைத் திறங்கள். வெயில் நாளில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, இரண்டும் வேண்டும், ஏனென்றால் முழு வெயிலில் பேட்டரி நிறைந்திருக்கும்போது லைன் போனால் பேனல் தருவதைக் குறைத்துப் பிடிக்கத் தெரியாமல் விழுகிற அமைப்புகள் உண்டு. விளக்குக் கட்டுப்பாட்டு மேசையில் ஒருவர் வீடியோ எடுக்கட்டும், ஒரு நொடியா இரண்டு நொடியா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மெயின் அணைந்த நிலையில் ஓடுபாதை விளக்கை ஒன்றாம் படியிலிருந்து ஐந்தாம் படி வரை ஏற்றி இறக்குங்கள். தீயணைப்பு பம்பைக் கிளப்புங்கள். சில்லரைக் கிளப்ப முயன்று, அமைப்பு அதை மறுக்கிறதா என்று பாருங்கள். ஐஎல்எஸ் எச்சரிக்கை ஏதாவது அடித்ததா என்று கேட்டு எழுதுங்கள். பிறகு லைனைத் திரும்பக் கொடுத்து, சேரும்போது விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டாமல் சேருகிறதா என்று பாருங்கள். பிரிவதைவிட சேருவதில்தான் பெரும்பாலான அமைப்புகள் தடுமாறும், அதில் தேறாத வரை ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.